ஆமாம் போடுகிறவள்

துணையாள் தினமும் பிற்பகலில் அந்த வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்வது வாசலில் கிடக்கிற ஆண் செருப்பைத் திருப்பி வைப்பதுதான். கனத்த தோல் செருப்பு, வலது குதிகால் மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. அந்த வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. தனியாக இருக்கிற பெண்கள் செய்கிற தந்திரம்தான் அது, உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று தெருவில் போகிறவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று போட்டு வைப்பது; அவளே தன் வாடகை வீட்டு வாசலில் நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு ஜோடியைப் போட்டு வைத்திருக்கிறாள். அதனால் அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முனை தெருவைப் பார்க்கும்படி ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போவாள். மறுநாள் வந்து பார்த்தால் முனை கதவைப் பார்த்து இருக்கும், வேலை முடிந்து வீடு திரும்பிய ஒருவன் கழற்றிப் போட்ட மாதிரி.

பூனை, காற்று, பேப்பர் போடுகிறவன் கால் என்று அவள் இத்தனை நாளும் ஏதேதோ சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்றைக்குச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய மழை அப்போதுதான் கொஞ்சம் விட்டிருந்தது. செருப்பின் அடியில் சேறு அப்பியிருந்தது. காயாத சேறு. அதில் சுருள் சுருளாக மரச்சீவல் ஒட்டிக்கொண்டிருந்தது, இழைப்புளியில் இப்போதுதான் சீவியது போல வெளுப்பாக.

படியில் தட்டி உதறிவிட்டு, திருப்பி வைத்துவிட்டு, அவள் உள்ளே போனாள். தலைக்கு மேல் வேலை கிடந்தது.

அவளுடைய வேலைக்குப் பெயரே துணைதான். நர்ஸ் இல்லை, சமையல்காரி இல்லை. தனியாக இருக்கிற வயதானவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும், மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், உடம்பைத் துடைத்துவிட வேண்டும், நாற்காலியை ஜன்னல் ஓரம் தள்ளிப் போட வேண்டும். மற்றதெல்லாம் வாய் வேலை. சேர்ந்த புதிதில் ஏஜென்ஸி சூப்பர்வைசர் சொன்னது அவளுக்கு மனப்பாடம். "அவங்க என்ன சொன்னாலும் மறுத்துப் பேசாதீங்க. செத்துப்போன தம்பி வந்து உட்கார்ந்திருக்கான்னு சொன்னா, அவருக்கும் ஒரு டீ போடட்டுமான்னு கேளுங்க. இல்லைன்னு சொன்னா பயந்துருவாங்க. ஆமா போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க."

ஆமாம் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க அவள் பயணியாக இருந்தாள். அவர் கொடியை அசைத்த பிறகுதான் சமையலறைக்கே போவாள், அடுத்த ஸ்டேஷன் எப்போது வரும் என்று மறக்காமல் கேட்பாள். அவர் கண்ணை மூடுகிற வரை அந்த வீட்டு ரயில் ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை. ஆனால் இந்த வித்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது சூப்பர்வைசர் அல்ல. கல்யாணமான நாளிலிருந்து, மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய நாள் வரை, புருஷன் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றால் அடி கொஞ்சம் குறையும். திருப்பி ஒன்று கொடுத்திருக்கலாம், ஒரே ஒன்று, என்று இப்போதும் பாத்திரம் கழுவும்போது தோன்றும். கை தானாக இறுகும்.

இந்த வீட்டில் இருந்தவளை அவள் பெரியம்மா என்று கூப்பிட்டாள். எழுபதைத் தாண்டிய, எலும்பும் தோலுமான மனுஷி. புருஷன் தச்சர். வீட்டின் பின்பக்க அறைதான் அவருடைய பட்டறையாக இருந்தது, அவர் செத்ததிலிருந்து பூட்டியே கிடக்கிறது. வீட்டிலிருந்த மேஜை, கட்டில், பெரியம்மா நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிற கைவைத்த நாற்காலி எல்லாம் அவர் கை வேலை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒன்றுகூட ஆடவில்லை. ஆனால் எல்லாமே உட்காருகிறவருக்கு ஒரு அளவு சிறியதாக இருந்தன, முழங்காலை ஒடுக்கிக்கொண்டுதான் உட்கார முடியும். அவருடைய கொட்டாப்புளி, உளியின் தலையில் அடிக்கிற கனத்த மரச்சுத்தி, கூடத்துக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தது. அதன் ஒரு முகம் மட்டும் கறுத்திருந்தது. கூட்டும்போது அதைக் காலால் தள்ளிப் பார்ப்பாள், நகராது. குனிந்து இரண்டு கையாலும் தூக்க வேண்டும்.

பெரியம்மாவின் இடது கை விரல்கள் நாலா பக்கமும் கோணிக்கொண்டிருந்தன. "கதவுல நசுங்கிடுச்சு," என்பாள். கன்ன எலும்பில் கட்டைவிரல் பொருந்துகிற அளவுக்கு ஒரு பள்ளம். அதற்கும் கதவுதான் காரணம். துணையாள் ஆமாம் போட்டாள். கதவு என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவளும் டாக்டரிடம் கதவு என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

பெரியம்மாவுக்கு ஒரே மகள். வீட்டில் கூப்பிடுவது பாப்பா என்று. ஐம்பதை நெருங்குகிற பாப்பா. பள்ளிக்கூடம் முடித்த வயதில் வீட்டை விட்டுப் போனவள், ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. எங்கோ கண்காணாத தூரத்தில் இருந்துகொண்டு, அம்மாவுக்குத் துணைக்கு ஆள் மட்டும் ஏற்பாடு செய்திருந்தாள். தினமும் பிற்பகலில் துணையாளின் போனுக்குக் கூப்பிடுவாள். அம்மா சாப்பிட்டாளா, தூங்கினாளா என்றெல்லாம் கேட்கமாட்டாள்.

"அக்கா, இன்னைக்கு அம்மா உங்களை பாப்பான்னு கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னுதான். வேற என்ன சொல்றது?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும், வெகுதூரம் சுமந்து வந்த பையை இறக்கி வைத்தது போல. "ரொம்ப நல்லதுக்கா. என்ன கேட்டாலும் அப்படியே சொல்லுங்க. முடிஞ்சா ஒரு நாள் இருட்டுற வரைக்கும் இருந்துட்டுப் போங்களேன். சாயங்காலந்தான் அம்மாவுக்குப் பயம் ஜாஸ்தி."

பயம் இருந்தது உண்மைதான். பொழுது இறங்க இறங்க பெரியம்மாவின் பேச்சு சுருங்கிக்கொண்டே வரும். எதிர்வீட்டுச் சுவரில் வெயில் மஞ்சளாகி மேலே ஏறும்போது அவள் கண் கதவுக்கும் ஜன்னலுக்கும் அலைய ஆரம்பிக்கும். ஆனால் மகள் சொன்னதற்கு நேர்மாறாக, அவள் துணையாளை விரட்டித்தான் அனுப்பினாள். "கிளம்பு, கிளம்பு. லைட் போடுறதுக்குள்ள போயிடு." கோணல் விரலால் முழங்கையைப் பிடித்துத் தள்ளுவாள். கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கும்போது துணையாளின் மூக்கில் ஒரு வாசனை அடிக்கும். அறுத்த பச்சை மரத்தின் வாசனை. பக்கத்தில் எங்கோ பட்டறை இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பாள்.

சேற்றுச் செருப்பைப் பார்த்த அன்றைக்கு, வெந்நீரில் துணி நனைத்துப் பெரியம்மாவின் முதுகைத் துடைக்கும்போது அவள் கை நின்றுவிட்டது. தோள்பட்டைக்குக் கீழே ஒரு புதுக் காயம். கருஞ்சிவப்பில், ஓரம் வெட்டியது போலச் சதுரமாக. அதற்குக் கீழே மஞ்சளாகிப்போன பழைய சதுரங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. இத்தனை நாளும் பெரியம்மா முதுகைக் காட்டியதில்லை, தானே துடைத்துக்கொள்வதாகப் பிடிவாதம் பிடிப்பாள். இன்றைக்குக் கையைத் தூக்க முடியாமல் போனதால்தான் விட்டிருக்கிறாள்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொன்னாள். "எங்கயாவது விழுந்திருப்பாங்க," என்றார் அவர். "வயசானவங்க தோலு, தொட்டாலே கன்னிப்போகும். பயப்படாதீங்க."

விழுந்தால் முட்டியில் படும், இடுப்பில் படும். நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறவளின் முதுகில் சதுரமாகப் பதியாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யாரு பெரியம்மா இது? யார் வர்றது இங்க?"

பெரியம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர்தான்."

"அவர் எதுக்கு அடிக்கிறாரு?"

"பாப்பா எங்கேன்னு கேக்குறார். நான் சொல்றதில்ல." குரலில் ஒரு பெருமை இருந்தது, பரீட்சையில் தேறிய சின்னப் பெண்ணைப் போல. "இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னதில்ல நான்."

துணையாளுக்கு வயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது. செத்தவர் எழுந்து வந்து அடிப்பாரா? எவனோ ஒரு குடிகாரன், சாவி வைத்திருக்கிற சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன். நினைவு தப்பிய மனுஷி யாரிடம் போய்ச் சொல்வாள் என்கிற தைரியத்தில் சாயங்காலம் வந்து கையை ஓங்கிவிட்டுப் போகிறான். செருப்பு அவனுடையதுதான். வரட்டும். இன்றைக்கு லைட் போட்ட பிறகும் இங்கேயேதான் இருப்பது, அவன் மூஞ்சியைப் பார்க்காமல் நகர்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். இந்த மாதிரி ஒரு முடிவை இருபது வருஷத்துக்கு முன்னால் தன் வீட்டில் எடுத்திருக்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

பெரியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போகலியா நீ?"

"இன்னைக்கு உங்களோடதான் இருக்கப்போறேன்."

பிறகு பெரியம்மா கேட்டாள். "உனக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ஒரே பொண்ணு. காலேஜ் படிக்கிறா."

பெரியம்மாவின் வாய் கோணியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இல்லைன்னு சொல்லியிருக்கலாமே," என்றாள் மெதுவாக. துணையாளுக்குப் புரியவில்லை. வழக்கமான உளறல் என்று நினைத்து, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து துணையாளின் சொந்த மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா, இங்க மழை கொட்டுது. குடை கொண்டு போனியா?"

"மறந்துட்டேன்டி. பரவால்ல, இன்னைக்கு லேட்டாகும்."

"நான் குடை எடுத்துக்கிட்டு வர்றேன். வீடுதான் தெரியுமே."

"வேண்டாம். மழையில அலையாதே. நான் வந்துடுவேன்." மகள் அவளைப் போல இல்லை, எதற்கும் ஆமாம் போடாது அது. சொன்னதைக் கேட்குமா என்று சந்தேகத்தோடுதான் போனை வைத்தாள்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தகரக் கூரை ஒன்றில் விழுகிற சத்தம், சாக்கடை நிரம்பி வழிகிற சத்தம், எங்கோ ஒரு ஜன்னல் கொக்கி இல்லாமல் தட்டிக்கொள்கிற சத்தம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, அதற்கு அடியில் பெரியம்மாவின் மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருக்க, எதிர்வீட்டுச் சுவரின் கடைசி வெளிச்சமும் மங்கிச் சாம்பல் நிறமாகி, கூடத்தில் மேஜையின் காலும் நாற்காலியின் காலும் தரையோடு கரைந்து எது மரம் எது நிழல் என்று தெரியாமல் போயின. துணையாள் எழுந்து முன்கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். லைட் ஸ்விட்சைத் தட்டினாள். எரிந்தது. மஞ்சளாக, தூங்கி வழிகிற வெளிச்சம். சும்மா கையோடு உட்கார்ந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. கொட்டாப்புளியை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி பெரியம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்தாள்.

பெரியம்மா அந்தக் கட்டையைப் பார்த்தாள். அவள் முகத்தில் குழப்பமெல்லாம் வடிந்துபோய்விட்டது.

லைட் அணைந்தது.

தெருவிலும் வெளிச்சம் போய்விட்டது. ஜன்னலில் மட்டும் மழையின் வெளுப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. வெளியே யாரோ நடந்து வந்தார்கள். சேற்றில் ஒரு கால் அழுத்தமாக விழுந்தது, மறுகால் இழுபட்டது. வாசலில் நின்றது. ஒரு செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மற்றொன்று.

அவள் கட்டையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். கண் தாழ்ப்பாளை விட்டு நகரவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. யாரும் தட்டவில்லை. ஆனால் வாசனை வந்துவிட்டது. அறுத்த மரம், வார்னிஷ், அதற்குக் கீழே ரொம்ப நாள் மூடி வைத்த எதுவோ.

"வந்துட்டீங்களா," என்றாள் பெரியம்மா.

அது இத்தனை நாள் அவள் கேட்ட குரல் இல்லை. நடுக்கம் இல்லாத, ஒரு வீட்டை நடத்தின பெண்ணின் கணீர்க் குரல். "தினம் கேட்டீங்களே. பாருங்க, வந்திருக்கா." பிறகு இவளிடம், "நீ பாப்பாதானே?"

"ஆமா," என்றாள் இவள். கண் தாழ்ப்பாளில். வாய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

"என்னை விட்டுட்டுப் போனவ, திரும்பி வந்துட்டியா?"

"ஆமாம்மா." இத்தனை நாள் பெரியம்மா என்று கூப்பிட்டவள், இப்போது அம்மா என்றுதான் சொன்னாள். அதையும் அவள் கவனிக்கவில்லை.

"அன்னைக்கு அவர் என் கையை பெஞ்சு மேல வெச்சு அடிச்சுக்கிட்டிருந்தப்ப, பின்னால வந்து, இதே கட்டையால அவர் மண்டையில போட்டது நீதானே?"

இதைக் கேட்டதும் துணையாள் ஒரு கணம் அந்தக் கூடத்தில் இல்லை. அவளுக்குத் தன் புருஷனின் பின்னந்தலை தெரிந்தது. சாப்பிடும்போது அவள் நின்று பரிமாறுவாள், அவன் குனிந்திருப்பான், உச்சியில் முடி கொட்டிய வட்டம் நேராக அவள் கைக்குக் கீழே இருக்கும். எத்தனை தடவை பார்த்திருக்கிறாள் அந்த வட்டத்தை. வாழ்க்கையில் அவள் சொன்ன எல்லா ஆமாமும் பயத்தில் சொன்னது, பிழைப்புக்குச் சொன்னது. இது மட்டும் ஆசையோடு வந்தது.

"ஆமாம்மா. நான்தான் போட்டேன்."

மழைச் சத்தத்துக்குள் பெரியம்மா அழுவது கேட்டது. "மன்னிச்சுடு," என்றாள். அதற்குப் பிறகு நாற்காலியைச் சிரமப்பட்டு இழுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் துணையாள் தரையைப் பார்த்தாள். ஜன்னல் வெளுப்பில் ஈரக் காலடிகள் மினுங்கின. சாத்திய கதவின் கீழிருந்து புறப்பட்டு, மேஜையைச் சுற்றி, அவள் பக்கமாக வந்திருந்தன. அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வந்திருந்தன. அவளைத் தாண்டிப் பின்னால் போயிருந்தன.

அவள் மடியிலிருந்து கொட்டாப்புளி எழுந்தது. குழந்தை கையிலிருந்து பொம்மையை வாங்குவதுபோல, அலட்டிக்கொள்ளாமல்.

முதல் அடி இடது கையில் விழுந்தது. நாற்காலியின் கைமேல் இருந்த கை. விரல்கள் உடைகிற சத்தத்தை அவள் முதலில் கேட்டாள், வலி பிறகுதான் வந்தது. கத்தினாள். எழுந்து ஓடினாள். வலது கை தாழ்ப்பாளைத் தொட்டது. குளிர்ந்த இரும்பு. பின்மண்டை முடியைப் பிடித்து இழுத்தது ஏதோ. தலை பின்னால் போனது. கூடம் சுழன்றது. தரை முதுகில் மோதியது.

"மறுபடி ஓடுவியா?"

நிதானமான குரல். வாடிக்கைக்காரரிடம் அளவு கேட்கிற குரல்.

முழங்காலில் ஒன்று. அவள் சுருண்டாள். இடுப்பில் ஒன்று. கையால் மறைத்தாள், கையில் ஒன்று. ஒவ்வொன்றும் அளந்து விழுந்தது. ஆணி அடிக்கிறவனுக்கு அவசரம் இல்லை. மரத்தூள் வாசனையோடு ரத்தத்தின் வாசனை சேர்ந்தது. கன்னத்தில் விழுந்தபோது உள்ளே எதுவோ முறிந்து, தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாய் நிறையப் பல். துப்பினாள். "நான் இல்ல," என்று சொல்லப் பார்த்தாள். "நான் பாப்பா இல்ல." நாக்கு புரளவில்லை. இல்லை என்பது அவள் வாய்க்குப் பழக்கமே இல்லாத வார்த்தை. வெறும் காற்றும் ரத்தமும்தான் வந்தது.

தரையில் வெளிச்சம் எரிந்தது.

அவளுடைய போன். இடுப்பில் செருகியிருந்தது தெறித்து மேஜைக்கு அடியில் கிடந்தது. மணி அடித்தது. திரையில் மகளின் முகம், பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

அடி நின்றது.

போன் வெளிச்சத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவளிடமிருந்து திரும்பி, போனைப் பார்த்து நின்றன. ஈரப் பாதங்கள், விரலிடுக்கில் சேறு, மரச்சீவல். அதற்கு மேலே அவள் பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள்.

"பேத்தியா?"

பாப்பா என்றதற்கு அவள் ஆமாம் என்றிருந்தாள். இவனுக்கு மகளானாள். இவள் பெற்ற பெண் இவனுக்கு என்ன முறை? இல்லைன்னு சொல்லியிருக்கலாமே என்று பெரியம்மா அழுதது எதற்கென்று இப்போது புரிந்தது.

வாயைப் பொத்திக்கொண்டாள். உடைந்த கையால், தொங்குகிற தாடையைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினாள். தலையை ஆட்டவில்லை. முனகக்கூட இல்லை.

"கேக்கிறேன்ல. பேத்தியா?"

தோளில் ஒன்று. அவள் வாயைத் திறக்கவில்லை. மறுபடி. திறக்கவில்லை. போன் நின்றது, இருட்டியது, மறுபடி அடித்தது. முதுகில், சதுரமாக, ஒரே இடத்தில். கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்தது. திறக்கவில்லை.

சுவர்ப்பக்கமிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. பழைய குரல், உடைந்த குரல்.

"சொல்லாதே. சொல்லாமலே இருந்துடு. கொஞ்ச நாள்ல பழகிடும்." நாற்காலி கிரீச்சிட்டது. கோணல் விரல்கள் இருட்டில் தேடி வந்து அவள் தலையைத் தொட்டன. "நான் துணைக்கு இருக்கேன்."

போன் நின்றது. இனி அடிக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும். மகள் விட்டுவிட்டாள், தூங்கப் போய்விட்டாள், நாளைக்குத் தேடிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியே இருக்கட்டும்.

வாசல் கேட் திறந்தது.

வேகமான கால்கள். தண்ணீரை மிதித்துக்கொண்டு. குடையில் மழை பொரிகிற சத்தம். கதவுக்கு வெளியே, ஒரு கை தூரத்தில்.

"அம்மா."

அவள் தரையில் முகம் வைத்துக் கிடந்தாள். கதவுக்குக் கீழே இருந்த இடுக்கு அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அதில் ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. மகளின் கால் தெரிந்தது.

ஓடு என்று கத்த வாயைத் திறந்தாள். தாடை தொங்கியது. சத்தம் வரவில்லை.

"அம்மா, ஏன் போனை எடுக்கல? உள்ளதானே இருக்கே?"

"ஆமா," என்றது ஒரு குரல்.

அது அவளுடைய குரல். வயதானவர்களிடம் பேசுகிற, பயந்தவர்களைத் தேற்றுகிற, கொஞ்சம்கூடப் பிசிறில்லாத அவளுடைய சொந்தக் குரல். அவள் தலைக்கு மேலே, நின்றபடி ஓர் ஆள் பேசுகிற உயரத்திலிருந்து வந்தது.

தாழ்ப்பாள் மெதுவாக நகரத் தொடங்கியது. இடுக்கின் வழியே, டார்ச் வெளிச்சத்தில், மகளின் கால்கள் ஒன்று மாற்றி ஒன்றாகத் தங்கள் ஈரச் செருப்பைக் கழற்றின. சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லிக்கொடுத்தபடி மகள் குனிந்து, அதை அந்தப் பெரிய தோல் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். இரண்டு ஜோடியும் கதவைப் பார்த்து இருந்தன.